2014 விதியும் 2024 விதியும் ஒரே மேசையில்

வணக்கம். அண்ணா நகரில் நீங்கள் நடத்தும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற, பகடை உருட்டிப் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தில், 2014 விதிநூலின் ஹாஃப் எல்ஃப் இனத்தையும் 2024 விதிநூலின் நோபிள் (பிரபு) பின்புலத்தையும் எடுத்த பாலடின் (புனிதப் போர்வீரர் வகுப்பு) வீரரின் கரிஸ்மா (ஆளுமைத் திறன்) மதிப்பு முதல் நிலையிலேயே 19 ஆகிவிட்டதாகவும், மற்றவர்கள் மனம் வருந்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். அவர் ஏமாற்றவில்லை. பழைய நூலில் இனத்தோடு வரும் திறன் உயர்வு புதிய நூலில் பின்புலத்தோடு வருவதால், ஒரே சலுகை இரண்டு முறை சேர்ந்துவிட்டது. இனத்தின் உயர்வை நீக்கிவிட்டுப் பின்புலத்தின் உயர்வை மட்டும் வைத்துக்கொண்டால், 15 என்ற அடிப்படை மதிப்பு 17 ஆகும், அதுவே சரி.

எனக்கு இதைவிடக் கவலை தருவது, ஓர் அடி படும்போது கூடுதல் சேதம் தரும் பாலடினின் ஆற்றலான டிவைன் ஸ்மைட். 2014 விதிப்படி, ஐந்தாம் நிலை பாலடின் தன் இரண்டு அடிகளிலும் அதைப் பயன்படுத்தலாம். 2024 விதியில் அது, தன் முறை வரும்போது ஒன்று மட்டுமே செய்யக்கூடிய கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷன் கேட்கும் மந்திரமாகிவிட்டதால், தன் முறை வரும்போது ஒரு ஸ்மைட்தான். எனவே ஒவ்வொருவரும் தம் வகுப்பை ஒரே நூலிலிருந்து முழுமையாக எடுக்கட்டும். மந்திரங்களுக்கு மேசை முழுவதற்கும் 2024 நூலையே வையுங்கள். எங்கள் வேளச்சேரிக் குழுவில், காயம் ஆற்றும் கியூர் வூண்ட்ஸ் மந்திரத்துக்கு 2014 விதியுள்ள பழைய தாளை வைத்திருந்த கிளெரிக் (மதகுரு வகுப்பு) ஓர் எட்டுமுகப் பகடையை உருட்ட, அடுத்திருந்த பார்ட் (பாணர் வகுப்பு) 2024 விதிப்படி இரண்டை உருட்டினார். கிளெரிக் ஒன்றும் பேசாமல் தன் பகடையைப் பைக்குள் போட்டுக்கொண்டது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

பழைய சாகசக் கதைகளையும் அரக்கர்களையும் அப்படியே பயன்படுத்தலாம். அடுத்த அமர்வுக்கு முன் அந்த பாலடின் வீரரைத் தனியே அழைத்து, அவருடன் அமர்ந்து அவருடைய பாத்திரத் தாளைத் திருத்துங்கள். எல்லோர் முன்னிலும் வேண்டாம்.