கேள்வி பதில்: மில் போனுக்கு ஒரு பட்டன்

கேள்வி: எங்கட நெல்லு மில்லில கந்தோர், ஸ்டோர், காவல் கொட்டில் எல்லாத்துக்கும் ஐபி போன் பூட்டி, 512 எம்பி ராம் உள்ள பழைய ராஸ்பெரி பை எண்ட சின்னக் கொம்பியூட்டர் ஒண்டில, கோலுகளை மாத்திவிடுற ஆஸ்டரிஸ்க் எண்ட மென்பொருளை ஓடவிட்டிருக்கிறன். பின்னேரம் மில் பூட்டினாப்பிறகு வாற கோல் காவல்காரருக்குப் போகவேணும், விடியத் திரும்பக் கந்தோருக்கு. மாத்துறதெண்டா நான்தான் லேப்டொப்போட வரவேண்டிக்கிடக்கு. முதலாளி பிரவுசர்ல ஒரு பட்டன் கேக்கிறார். ஆஸ்டரிஸ்க்கை வெப் பக்கத்தில நடத்துற ஃப்ரீபிபிஎக்ஸ் போடட்டோ?
- வாசகர், மல்லாவி

பதில்: போடாதேங்கோ தம்பி. நல்ல சாமான்தான், ஆனா தனிய வராது, அப்பாச்சி வெப் சேர்வர், பிஎச்பி, மரியாடிபி டேட்டாபேஸ் எண்டு ஒரு குடும்பத்தையே கூட்டிக்கொண்டு வரும், 512 எம்பிக்குள்ள அவ்வளவும் ஏறினா பை இழுபடும், டேட்டாபேஸ் நெடுக மெமரி கார்டில எழுதிக்கொண்டிருக்கேக்க மாரிக்குள்ள கரண்ட் பட்டெண்டு போனா கார்டே பழுதாகலாம். ஆஸ்டரிஸ்க்கின்ர கொன்ஃபிக் ஃபைலையும் அதுதான் எழுதும், எந்தக் கோல் எங்க போகவேணும் எண்டு நீங்கள் கையால எழுதின டயல்பிளானை அப்பிடியே தூக்கி அதுக்குள்ள வைக்கேலாது.

ஆஸ்டரிஸ்க் ஜியுஐ எண்டு பழைய வெப் பக்கம் ஒண்டு இருந்தது, ஆஸ்டரிஸ்க்கின்ர சொந்த வெப் சேர்வரிலயே ஓடும், பிஎச்பியும் வேண்டாம். இப்ப அதைப் பாக்க ஆளில்லை, போன்களை இணைக்க அது நம்பியிருந்த சான்சிப் எண்ட மொடியூலையும் 2023இல வந்த ஆஸ்டரிஸ்க் 21ஆம் பதிப்பில கழட்டிப்போட்டாங்கள்.

உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு சுவிச். ஆஸ்டரிஸ்க்குக்குள்ளயே ஆஸ்ட்டிபி எண்டு ஒரு சின்ன டேட்டாபேஸ் இருக்கு, அதில இரவுக்கு 1, பகலுக்கு 0 எண்டு வச்சுக்கொள்ளுங்கோ, கோல் வரேக்க டயல்பிளான் அதைப் பாத்து கொட்டிலுக்கோ கந்தோருக்கோ அனுப்பும். ஆஸ்டரிஸ்க்கை ரீலோட் பண்ணத் தேவையில்லை, கதைச்சுக்கொண்டிருக்கிற கோலும் அறாது. பட்டன் வைக்கிற வெப் பக்கத்துக்கு லைட்டிபிடி எண்ட சின்ன வெப் சேர்வர் காணும், ரெண்டு பட்டன், பின்னால நாலைஞ்சு வரி ஷெல் ஸ்கிரிப்ட். வெப் சேர்வருக்கு ஆஸ்டரிஸ்க்கோட கதைக்க அனுமதி இராது, அதுக்காக ரூட் எண்ட முழு அதிகாரத்தையும் குடுத்திடாதேங்கோ, அந்த ஒரு ஸ்கிரிப்டுக்கு மட்டும் சூடோவால அனுமதி குடுங்கோ. கார்ட் தேயுதெண்டு அதில ஒண்டும் எழுதேலாதமாதிரி முழுக்க ரீட்-ஒன்லி ஆக்கினாலும் ஆஸ்ட்டிபி எழுத இடம் விடோணும், இல்லாட்டி பட்டன் அமத்தியும் ஒண்டும் மாறாது.

என்னைக் கேட்டா வெப் பக்கமே வேண்டாம். *70 எண்டு ஒரு நம்பர் வையுங்கோ, டயல் பண்ணினா அதே 0 - 1 மாறட்டும், நிலையை லைற்றால காட்டுற பிஎல்எஃப் பட்டன் உள்ள போனெண்டா, டயல்பிளானில டெவ்ஸ்டேட்டும் ஹின்டும் போட்டு இரவு நிலையில லைற்றும் எரியப்பண்ணலாம், முதலாளி வீட்ட போகேக்க மேசையில சிவப்பு எரியுதோ எண்டு பாத்தாச் சரி. அவர் இல்லை பட்டன்தான் வேணும் எண்டு நிண்டா ரெண்டையும் வையுங்கோ, ஒண்டுக்கொண்டு இடைஞ்சலில்லை.

ஆனா வீட்டிலயிருந்தும் பாக்கவேணும் எண்டு ரவுட்டரில போர்ட் திறந்து விடச்சொன்னா அதைத் திறக்காம, வெளியில இருந்து பாதுகாப்பா உள்ள வாற விபிஎன் போடுங்கோ. ஐபி போன் கோலுக்கான 5060 எண்ட போர்ட் எங்க திறந்து கிடக்கெண்டு தேடித்திரியிறதே சிலருக்குத் தொழில், வெளி லைன் இணைச்சிருந்தா வெளிநாட்டுக் கோல் பில் முதலாளியின்ர தலையில.

கேள்வி: ஓபன்டபிள்யூஆர்டி எண்ட லினக்ஸ் மென்பொருள் போட்ட வீட்டு ரவுட்டரிலயே ஆஸ்டரிஸ்க் ஓடுமோ?
- வாசகி, புதுக்குடியிருப்பு

பதில்: ஓடும். 8 எம்பி ஃப்ளாஷ் எண்டா இடம் காணாது, யுஎஸ்பி துளை இருந்தா பென்டிரைவ் குத்தி அதில போடுங்கோ. மொடியூல் தனித்தனிப் பொதியா வரும், வேண்டியதை மட்டும் எடுங்கோ. எல்லாப் போனிலயும் ஒரே கோடெக் (குரலைச் சுருக்கி அனுப்புற முறை) வையுங்கோ, ஒண்டிலயிருந்து இன்னொண்டுக்கு மாத்திக்குடுக்கிற வேலையைத்தான் அந்தச் சின்ன சிபியு தாங்காது.