இயற்கை எண்ணெய்தானே, முகம் ஏன் எரிந்தது?

கேள்வி: எனக்கு வயது 24. தாடையோரம் பருக்கள் வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு காணொளியைப் பார்த்து, டீ ட்ரீ ஆயிலையும் எலுமிச்சை ஆயிலையும் எதுவும் கலக்காமல் பஞ்சில் தொட்டுக் காலையும் இரவும் பூசினேன். நான்காம் நாள் சிவந்து எரிந்தது. இப்போது அந்த இடம் கறுத்துவிட்டது. செடியிலிருந்து எடுத்த எண்ணெய்தானே, ஏன் இப்படி? தொடர்ந்து பூசலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, பூச வேண்டாம். தோல் முழுவதும் தேறும்வரை இரண்டு குப்பிகளும் மூடியே இருக்கட்டும்.

சளிக்கு நொச்சி இலையைக் கொதிக்கவிட்டு ஆவி பிடிக்கும்போது நம் முகத்தில் படும் வாசனைப் பொருள் மிகச் சொற்பம். குப்பியில் இருப்பதோ சாரம் மட்டும். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த டீ ட்ரீயின் (நம் தேயிலைக்கும் அதற்கும் பெயரைத் தவிர உறவில்லை) இலையை ஆவியில் வடித்தால், எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான் எண்ணெய் தேறும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஐம்பது முதல் நூறு கிலோ இலை வேண்டும் என்றால், பஞ்சில் நீங்கள் தொட்டெடுத்தது எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

டீ ட்ரீயால் பலனே இல்லை என்று சொல்ல மாட்டேன். 1990-இல் ஆஸ்திரேலியாவில் வெளியான ஓர் ஆய்வில், பருக்கள் உள்ள 124 பேரிடம் 5 சதவீத டீ ட்ரீ ஜெல்லையும் பருக்களுக்கு வழக்கமாகப் பூசும் மருந்தான பென்சாயில் பெராக்சைடையும் (அதுவும் 5 சதவீதம்) ஒப்பிட்டார்கள். இரண்டுமே பருக்களைக் குறைத்தன; டீ ட்ரீ வேலைசெய்யக் கூடுதல் நாள் பிடித்தது, ஆனால் பக்கவிளைவுகள் குறைவாக இருந்தன. அங்கே பயன்பட்டது 5 சதவீதம். நீங்கள் பூசியது அதைப்போல் இருபது மடங்கு.

எலுமிச்சை எண்ணெயில் வேறு இரண்டு சிக்கல்கள் உண்டு. பழத்தோலைப் பிழிந்து எடுக்கும் எண்ணெயில் உள்ள ஃப்யூரோகூமரின் என்னும் பொருள் வெயில் பட்டால் தோலைப் புண்ணாக்கக்கூடியது. காலையில் அதைப் பூசிக்கொண்டு வெளியே போவது வம்பை விலைக்கு வாங்குவதுதான். அடுத்தது, அதிலுள்ள லிமோனீன் என்னும் மணப்பொருள். புதிதாக இருக்கும்போது பெரும்பாலும் சாதுவான இது, குப்பியைத் திறக்கத் திறக்கக் காற்றுப் பட்டு ஒவ்வாமை தரும் பொருளாக மாறுகிறது. மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள்: எலுமிச்சை மணம் போய், பெயின்ட்டில் கலக்கும் டர்பென்டைனின் வாடை அடித்தால், அது முகத்துக்கு ஆகாது. லாவெண்டர் எண்ணெயில் உள்ள லினலூல் என்னும் மணப்பொருளும் இப்படித்தான் மாறும். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் கூடவே வரும். அதே பொருள் கலந்த சோப்பும் சென்ட்டும்கூடப் பிறகு அரிக்கும்.

கறுப்பு, எரிச்சல் ஆறியபின் தங்கும் நிறமிதான். நம் மாநிறத் தோலில் இது எளிதில் வரும், மறையச் சில மாதங்கள் ஆகலாம். தேய்க்காதீர்கள், எலுமிச்சைச் சாறும் பூசாதீர்கள். மணமில்லாத மாய்ஸ்சரைசரும் பகலில் சன்ஸ்கிரீனும் போதும். பருக்களுக்கு மருத்துவர் எழுதித் தரும் மருந்தே இதைவிட நிச்சயமானது என்பது என் கருத்து.

பின்னாளில் டீ ட்ரீயை மீண்டும் முயல விரும்பினால், 5 சதவீத ஜெல்லாகவே வாங்குங்கள். முகத்துக்கு முன் முழங்கையின் உட்புறத்தில் காலையும் மாலையும் ஒரு வாரம் பூசிப் பார்க்க வேண்டும். ஒரு நாள் சோதனையில் ஒவ்வாமை பிடிபடாமல் போகலாம். தேங்காய் எண்ணெயில் கலந்து பூசுவது பருத்தோலுக்குச் சரிவராது, துளைகளை அடைத்துவிடும். வீட்டில் சிறு குழந்தைகள் இருந்தால் குப்பியை எட்டாத இடத்தில் வையுங்கள். டீ ட்ரீயோ நீலகிரித் தைலமோ சிறிதளவு வயிற்றுக்குள் போனாலும் ஆபத்து.

பூசுவதை நிறுத்திய பிறகும் அரிப்பு பரவினாலோ, நீர்க்கொப்புளம் தோன்றினாலோ உடனே தோல் மருத்துவரிடம் செல்லுங்கள். போகும்போது அந்த இரண்டு குப்பிகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.