கேள்வி-பதில்: நெய்ப்பந்தம் பிடிக்க வராத பேரன்

கேள்வி: என் மகன் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தில் ஒன்பது ஆண்டுகளாக சாஃப்ட்வேர் வேலை பார்க்கிறான். சென்ற மார்கழியில் என் தாயார் காலமானபோது, அப்பத்தாவுக்கு நெய்ப்பந்தம் பிடிக்கக்கூட அவன் வரவில்லை. கேட்டால், பாஸ்போர்ட்டில் ஸ்டாம்பிங் இல்லை, வந்தால் திரும்பிப் போக முடியாது என்கிறான். எங்கள் ஐயா எந்த விசாவும் இல்லாமல் ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போய், கணக்கு முடிந்ததும் ஊர் திரும்பியவர். திறமை உள்ளவனுக்கு ஒரு முத்திரை இவ்வளவு பெரிய தடையா, அல்லது இது வெறும் சாக்கா?
- வாசகர் ஒருவர், தேவகோட்டை

பதில்: சாக்கு இல்லை. தாயை இழந்த துக்கத்தில் கேட்டிருக்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனாலும் உங்கள் மகன் மீது நீங்கள் வைத்திருக்கும் குற்றம் நிற்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் கையில் இருப்பது எச்-1பி என்னும் பணி விசாவாகத்தான் இருக்க வேண்டும். அதில் தாள்கள் இரண்டு. ஒன்று, உங்கள் மகன் ஸ்டாம்பிங் என்று சொல்லும், பாஸ்போர்ட்டில் ஒட்டப்படும் விசா; அது வாசலைத் தாண்டி உள்ளே போவதற்கு மட்டும். மற்றொன்று, அங்கே தங்கி வேலை பார்க்கலாம் என்று அந்நாட்டுக் குடியேற்றத் துறை கொடுக்கும் ஐ-797 என்னும் ஒப்புதல் தாள். முதல் தாள் காலாவதியாகிவிட்டாலும், இரண்டாம் தாளைப் புதுப்பித்துக்கொண்டே ஒருவர் பல ஆண்டுகள் சட்டப்படி அங்கே வேலை பார்க்கலாம். ஆனால் நாட்டை விட்டு ஒருமுறை வெளியே வந்துவிட்டால், தூதரகத்தில் நேர்காணல் முடித்துப் புது விசா ஒட்டிக்கொள்ளாமல் திரும்ப நுழைய முடியாது. முன்பெல்லாம் அவசரத்துக்குக் கனடாவிலோ மெக்சிகோவிலோ அதை முடித்துக்கொண்டவர்கள் உண்டு. 2025 செப்டம்பரில், சொந்த நாட்டிலோ குடியிருக்கும் நாட்டிலோதான் விண்ணப்பிக்க வேண்டும் என்று சொல்லி அந்த வழியையும் அடைத்துவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் எச்-1பி விண்ணப்பதாரர்களின் சமூக ஊடகக் கணக்குகளையும் சோதிக்கத் தொடங்கியதால், நேர்காணலுக்கு நாள் வாங்கிக்கொண்டு இந்தியா வந்திறங்கிய பலருக்கு அந்த நாள் மாதக்கணக்கில் தள்ளிப்போயிற்று. உங்கள் வீட்டில் துக்கம் நேர்ந்தது சரியாக அந்தச் சமயத்தில்தான்.

அந்த மார்கழியில் கானாடுகாத்தானில் உறவினர் வீட்டுக்குப் போயிருந்தேன். இரவு இரண்டு மணிக்கு வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பாட்டனார் கணக்கெழுதிய சாய்வு மேசையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு, தோளில் போர்வையுடன், அமெரிக்க நேரத்துக்கு அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டிருந்தார் அந்த வீட்டுப் பிள்ளை. தங்கை கல்யாணத்துக்கு இரண்டு வார விடுப்பில் வந்தவர். நேர்காணல் தள்ளிப்போனதால் திரும்ப முடியவில்லை. மனைவியும் பள்ளிக்குப் போகும் மகளும் அங்கே இருக்கிறார்கள். இங்கிருந்தபடி வேலை செய்யக் கம்பெனி அனுமதித்திருந்தது சில வாரங்களுக்குத்தான். கூட்டம் முடிந்ததும் தூதரகத் தளத்தைத் திறந்து, முன்கூட்டி ஏதேனும் நாள் காலியாகிறதா என்று பார்த்தார், மூடினார், ஐந்து நிமிடத்தில் மறுபடியும் திறந்தார். உங்கள் மகன் வந்திருந்தால் அவர் நிலையும் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

ஐயா விசா இல்லாமல் போனார் என்று எழுதியிருக்கிறீர்கள். 1937 ஏப்ரல் முதல் நாள் வரை பர்மா பிரிட்டிஷ் இந்தியாவின் ஒரு மாகாணம். தேவகோட்டைக்காரர் ரங்கூனுக்குக் கப்பலேறியது ஒரே அரசாங்கத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்குப் போனதுதான். அங்கே விசா என்ற பேச்சுக்கே இடமில்லை. அது மட்டுமன்று, மேலாளாக, அதாவது முதலாளியின் கடையைப் பார்த்துக்கொள்ளும் முகவராகப் போனவர் சம்பளச் சீட்டு எழுதிக்கொண்டு மூன்றாண்டுக் கணக்குக்குப் போனார். முடிந்ததும் அடுத்தவரிடம் கணக்கை ஒப்படைத்துவிட்டுத் திரும்பினார். பெண்டு பிள்ளைகள் பெரும்பாலும் ஊரிலேயே இருந்தார்கள். திரும்பி வருவது அந்த ஏற்பாட்டிலேயே அடங்கியிருந்தது. எச்-1பியும் முதலில் மூன்றாண்டுக்குத்தான் கிடைக்கிறது என்ற அளவில் மட்டுமே இரண்டுக்கும் ஒப்புமை. பர்மா தனி நாடான பிறகு, 1948இல் நிலங்கள் நாட்டுடைமையானபோது நம்மவர்கள் எதை இழந்தார்கள் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. பிறர் அனுமதியில் நிற்கும் கால் எவ்வளவு உறுதியானது என்பதைச் செட்டிநாடு அறிந்த அளவுக்கு வேறு ஊர் அறிந்திருக்காது.

இனி திறமைக்கு வருகிறேன். எச்-1பிக்குத் தொழிலாளி தாமாக விண்ணப்பிக்க முடியாது; கம்பெனிதான் அவருக்காக மனுப் போட வேண்டும். ஆண்டுக்கு 65,000 இடங்கள். அமெரிக்காவில் முதுகலையோ அதற்கு மேலோ படித்தவர்களுக்கு மேலும் 20,000. மனுக்கள் இதைவிடப் பல மடங்கு வருவதால் குலுக்கல் நடக்கிறது. கூடுதல் சம்பளத்துக்குக் கூடுதல் வாய்ப்பு என்று அண்மையில் விதியை மாற்றியிருக்கிறார்கள்; ஆனாலும் அது குலுக்கல்தான். கிடைத்தபின் மூன்றும் மூன்றும் ஆறு ஆண்டுகள். அதற்கு மேலும் ஒருவர் அங்கே இருக்கிறார் என்றால், பெரும்பாலும் அவருடைய கம்பெனி கிரீன் கார்டு என்னும் நிரந்தரக் குடியிருப்பு அனுமதிக்கு மனுப் போட்டு, அது ஏற்கப்பட்டு, அவர் வரிசையில் நிற்கிறார் என்று பொருள். வேலைவழிக் கிரீன் கார்டுகள் ஆண்டுக்குச் சுமார் 1,40,000. எந்த நாட்டில் பிறந்தவர்களுக்கும் அதில் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்பது பொது விதி. சின்னஞ்சிறு நாட்டுக்கும் இந்தியாவுக்கும் ஒரே உச்சவரம்பு என்பதால், பத்தாண்டுகளுக்கு முன் மனுப் போட்ட இந்தியர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். என் பார்வையில் இந்த விதியைப் போல அநியாயமானது வேறில்லை.

இந்தக் காத்திருப்பு ஒரு தொழில்நுட்பப் பணியாளரை என்ன செய்கிறது என்பதுதான் முக்கியம். வேலை போனால், அடுத்த கம்பெனி அவருக்காக மனுப் போடுவதற்கு அதிகபட்சம் 60 நாள் அவகாசம். இல்லாவிட்டால் வீடு, பள்ளி எல்லாவற்றையும் விட்டுக் கிளம்ப வேண்டும். தாமாகவே கம்பெனி மாறினாலும் பழைய வரிசைத் தேதிதான் கைவசம் இருக்குமே தவிர, கிரீன் கார்டுக்கான வேலைகளைப் புதிய கம்பெனி பெரும்பாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஆகவே சம்பள உயர்வு கேட்கவும், அதிக நேர வேலைக்கு மறுப்புச் சொல்லவும், பக்கத்து மேசையில் இருக்கும் அந்நாட்டுக்காரருக்கு இருக்கும் துணிவு இவருக்கு இருப்பதில்லை. திறமை இருவருக்கும் ஒன்றாகவே இருக்கலாம். ஒருவருடைய குடியிருப்பு மட்டும் முதலாளியின் கையெழுத்தில் தொங்குகிறது. 2025 செப்டம்பர் 19 அன்று, புதிய எச்-1பி மனுக்களுக்கு 1,00,000 டாலர் கட்ட வேண்டும் என்று அறிவிப்பு வந்தது. ஏற்கெனவே விசா வைத்திருப்பவர்களுக்கு அது இல்லை என்ற விளக்கம் மறுநாள் வருவதற்குள், விடுப்பில் ஊருக்கு வந்திருந்தவர்கள் கிடைத்த விமானத்தில் ஏறித் திரும்பினார்கள். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர் எவரும் முத்திரையைச் சிறிய விஷயம் என்று சொல்லமாட்டார்.

உங்கள் மகனிடம் இனிக் கேட்கும்போது, ஏன் வரவில்லை என்று கேட்காதீர்கள். ஐ-797 எந்தத் தேதி வரை இருக்கிறது, கிரீன் கார்டு வரிசையில் அவர் தேதி என்ன, மருமகளுக்கு வேலை அனுமதி இருக்கிறதா, இங்கே பிறந்த பேரப்பிள்ளை இருந்தால் 21 வயது நிறைய இன்னும் எத்தனை ஆண்டு என்று கேளுங்கள். அந்த வயதைத் தாண்டிவிட்டால் பிள்ளை பெற்றோரின் வரிசையிலிருந்து விழுந்துவிட நேரும். ஒன்பது ஆண்டுகளாக உங்களிடம் சொல்லாமல் வைத்திருந்ததை அவர் அப்போது சொல்லக்கூடும்.

அவர் வர முடியாத காலத்தில் நீங்களும் உங்கள் மனைவி ஆச்சியும் போய் வரலாம். பெற்றோர் பார்க்கப் போவதற்கான பி-2 விசா இந்தியர்களுக்குப் பெரும்பாலும் பத்தாண்டுக்குக் கிடைக்கிறது. சென்னையில் நேர்காணலுக்கு நாள் கிடைக்கத் தாமதமாகும் என்பதால் இப்போதே விண்ணப்பியுங்கள். புறப்படும்போது அப்பத்தாவின் படம் ஒன்றையும் பெட்டியில் எடுத்துச் செல்லுங்கள்.