குறைந்த வருமானத்தில் குளூட்டன் இல்லாமல் சத்தாகச் சாப்பிட முடியுமா?

முடியும். தமிழ்நாட்டில் இருந்தால், கோதுமை சாப்பிடும் வீட்டைவிடக் குறைந்த செலவிலேயே முடியும்.

கேள்வி கேட்டவர் தன் கணவருக்குச் சீலியாக் நோய் உறுதியாகியிருப்பதாக எழுதியிருக்கிறார். கோதுமை, பார்லியில் இருக்கும் குளூட்டன் என்ற புரதம் குடலைச் சேதப்படுத்தும் நோய் அது. வீட்டு வருமானம் மாதம் 18,000 ரூபாய். சூப்பர் மார்க்கெட்டில் குளூட்டன் இல்லாத மாவின் விலையைப் பார்த்ததும் பயம் வந்துவிட்டதாம். என் மகளுக்கும் இதே நோய்தான். நாங்கள் ஈரோடு பக்கம், கணவருக்கு விசைத்தறியில் வேலை. அதனால் அந்தப் பயம் எனக்கு நன்றாகப் புரிகிறது. ஆனால் நீங்கள் பார்த்த அந்த அலமாரி உங்களுக்குத் தேவையே இல்லை.

அந்த மாவு ஏன் கோதுமை மாவைவிட மூன்று நான்கு மடங்கு விலை? குளூட்டன் இல்லாதது என்று அச்சிட வேண்டுமானால், கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதி. அதற்காகத் தனி இயந்திரம் வைக்க வேண்டும், பரிசோதனை செய்ய வேண்டும். அந்தச் செலவு நியாயமானதுதான். ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள்: அரிசி மாவு, சோள மாவு, மரவள்ளி மாவு, அவை ஒட்டிக்கொள்ள ஒரு பிசின். சப்பாத்தி, ரொட்டி வடிவம் வேண்டும் என்பதற்காகத்தான் அவ்வளவு பணம் போகிறது. வட இந்தியாவில் மூன்று வேளையும் கோதுமை சாப்பிடும் வீட்டுக்கு இது பெரிய பிரச்சினை. நமக்கு இட்லி, தோசை, இடியாப்பம், சோறு, கூழ், களி எல்லாமே முதலிலிருந்தே குளூட்டன் இல்லாதவை.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. வயிறு சரியில்லை என்று நீங்களாகவே கோதுமையை நிறுத்திவிட்டு, அப்புறம் பரிசோதனைக்குப் போகாதீர்கள். இந்த நோய்க்கான டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையும் எண்டோஸ்கோபியில் எடுக்கும் குடல் சதைப் பரிசோதனையும், கோதுமை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதுதான் சரியாகக் காட்டும். முதலில் மருத்துவர், பிறகு பத்தியம். உறுதியானால் அது வாழ்நாள் முழுவதும். நடுவில் 'ஒரு நாளைக்கு ஒன்றும் ஆகாது' என்பது கிடையாது. வெளியே ஒரு தொந்தரவும் தெரியாவிட்டாலும் உள்ளே குடல் உறிஞ்சிகள் சேதமாகிக்கொண்டே இருக்கும்.

சரி, செலவுக்கு வருவோம். அரிசி அட்டை இருந்தால் ரேஷனில் அரிசி விலையில்லாமல் கிடைக்கிறது. துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். அரிசிக்குப் பதில் கொஞ்சம் கோதுமை வாங்கிக்கொள்ளலாம் என்பார்கள். நீங்கள் முழுக்க அரிசியாகவே வாங்குங்கள். ரேஷனில் வருவது செறிவூட்டிய அரிசியாக இருக்கலாம், அதாவது இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்த அரிசிமணிகளை நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் கலந்தது. நிறம் கொஞ்சம் மாறித் தெரியும் அந்த மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பயந்து பலர் பொறுக்கி எறிகிறார்கள். அவை அரிசி மாவில் செய்தவைதான். சீலியாக் நோயாளிகளில் பலருக்கு ரத்தசோகை இருக்கும் என்பதால், அந்த மணிகளை எறியவே எறியாதீர்கள்.

ஆனால் கோதுமைக்குப் பதில் அரிசி, அரிசிக்கு மேல் அரிசி என்று போய்விடக் கூடாது. நான் இந்தப் பதிலை எழுதுவதே முக்கியமாக இதற்காகத்தான். காலையில் இட்லி, மதியம் சோறு, இரவு தோசை, நடுவில் அரிசி முறுக்கு என்றால் நோய் அடங்கும், உடம்பு தேறாது. நார்ச்சத்து போய் மலச்சிக்கல் வரும். குடல் ஆறியதும் சாப்பிட்டதெல்லாம் உடம்பில் ஒட்ட ஆரம்பிக்கும், எடை ஏறும், பெரியவர்களுக்குச் சர்க்கரையும் வரலாம். கோதுமைக்கும் பிஸ்கட்டுக்கும் போன காசைப் பருப்பு, பயறு, முட்டை, கீரைக்குத் திருப்பிவிடுங்கள். எங்கள் வீட்டுக் கணக்கு இவ்வளவுதான்.

எங்கள் ஊர்ப் பக்கம் கொள்ளு மலிவு. 100 கிராமில் 22 கிராம் அளவுக்குப் புரதம். ராத்திரி ஊறவைத்து வேகவைத்து, தண்ணீரை ரசத்துக்கு எடுத்துக்கொண்டு, பயறைக் கடைந்துவிடுவேன். ஒரே விறகில், ஒரே குக்கரில் இரண்டு வேலை. பச்சைப்பயறு, தட்டைப்பயறு, வேர்க்கடலை எல்லாம் இதே வரிசை. அரிசியும் பருப்பும் சாதம் வாரத்தில் ஒரு நாளாவது உண்டு. முட்டைக்கு நாமக்கல் பக்கத்திலேயே இருக்கிறது. கடற்கரை ஊர்க்காரர்கள் என்றால் மத்தி மீனைவிட மலிவான சத்து வேறு தேட வேண்டாம்.

சிறுதானியம் என்றதும் எல்லோரும் தினை, சாமை, குதிரைவாலி என்று போகிறார்கள். அவை நல்லவைதான், ஆனால் உமி நீக்கிப் பாக்கெட்டில் வரும்போது விலை எகிறிவிடுகிறது. கையில் காசு குறைவு என்றால் ராகி, கம்பு, சோளம் இந்த மூன்றும் போதும். ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து, பாலைப்போல ஏறக்குறைய மூன்று மடங்கு. கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல் இரும்பு. நோய் தெரிந்த புதிதில் சிலருக்குப் பாலும் ஒத்துக்கொள்ளாது, குடல் சேதமானதால் பால் சர்க்கரையைச் செரிக்க முடியாமல் போகும். குடல் ஆறினால் அது பெரும்பாலும் சரியாகிவிடும். அதுவரை ராகியும் மோரும் கைகொடுக்கும். முருங்கைக்கீரை போட்ட ராகி அடை, கம்பும் உளுந்தும் அரைத்த தோசை, சோளத்தில் பணியாரம் என்று மாற்றி மாற்றிச் செய்தால் அலுக்காது. சாப்பாட்டோடு எலுமிச்சை, நெல்லி, தக்காளி ஏதாவது புளிப்பு இருக்கட்டும், இரும்பு உடம்பில் சேர அது உதவும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், அது சேரவிடாமல் செய்யும்.

இனி மில். பணத்தைவிட அதிகம் கவனம் கேட்கும் இடம் இதுதான். ராகியில் குளூட்டன் இல்லை, ஆனால் உங்களுக்கு முன்னால் ஒருவர் கோதுமை அரைத்துவிட்டுப் போயிருந்தால் இயந்திரத்தில் தங்கிய மாவு உங்கள் ராகியில் வந்து விழும். கண்ணுக்குத் தெரியாது. கடையில் விற்கும் சாதாரண ராகி மாவுப் பொட்டலத்துக்கும் இதே ஆபத்து உண்டு. அதனால் மாவாக வாங்காமல் முழுத் தானியமாக வாங்கி, கலந்திருக்கும் கோதுமை மணிகளைப் பொறுக்கி, கல் அரித்துக் கழுவிக் காயவைப்பேன். கூடியவரை ஊறவைத்து வீட்டு கிரைண்டரிலேயே ஆட்டிவிட்டால் மில்லுக்கே போக வேண்டியதில்லை. தோசை, அடை, ஆப்பம், பணியாரம் எல்லாம் ஈர மாவுதான். புட்டுக்கும் களிக்கும் உலர்ந்த மாவு வேண்டும் என்றால் கொஞ்சமாக மிக்ஸியில் திரித்துச் சலித்துக்கொள்ளலாம். மொத்தமாக அரைக்கத்தான் வேண்டும் என்றால், மில்காரரிடம் விஷயத்தைச் சொல்லி, கோதுமை போடாத இயந்திரம் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் மில் அண்ணன் அரிசிக்கென்றே ஒன்று தனியாக வைத்திருக்கிறார். காலையில் திறந்ததும் போய், முதலில் கொஞ்சம் பச்சரிசியை ஓட்டி அந்த மாவைக் கோலத்துக்கு எடுத்துக்கொண்டு, அப்புறம்தான் எங்கள் தானியத்தைப் போடச் சொல்வேன். 'பாப்பாவுக்கு ஆகாதுங்க அண்ணா' என்று ஒரு தடவை சொன்னதிலிருந்து அவரே பிரஷ்ஷை எடுத்துத் துடைத்துவிடுகிறார்.

குளூட்டன் மறைந்திருக்கும் இடங்களில் முதல் இடம் கூட்டுப் பெருங்காயத்துக்கு. தனிப் பெருங்காயம் காரம் அதிகம் என்பதால் பிசினும் மாவும் சேர்த்துத்தான் விற்கிறார்கள். பல பிராண்டுகளில் அந்த மாவு கோதுமை அல்லது மைதா. சாம்பார், ரசம், ஊறுகாய், இட்லிப் பொடி என்று தினமும் உள்ளே போகும். அரிசி மாவு சேர்த்த பெருங்காயமும் கடைகளில் இருக்கிறது, டப்பாவில் படித்து வாங்குங்கள், கிடைக்காவிட்டால் பூண்டும் சீரகமும் போதும்.

அடுத்தது பார்லி. நீர்க்கடுப்பு, கால் வீக்கம் என்றால் நம் வீடுகளில் உடனே பார்லிக் கஞ்சிதான். பார்லியிலும் குளூட்டன் உண்டு. சத்து பானம் என்று பாலில் கலக்கும் மால்ட் பவுடர்களில் பெரும்பாலானவை பார்லியிலும் கோதுமையிலும் செய்தவை. ராகியை முளைகட்டி, காயவைத்து, வறுத்துத் திரித்தால் அதைவிட நல்ல கஞ்சி மாவு வீட்டிலேயே கிடைக்கும். ராகி சேமியா, ராகி பிஸ்கட் என்று பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பலவற்றில் பாதிக்கு மேல் கோதுமையோ மைதாவோதான். சத்து மாவிலும் கோதுமை சேர்ப்பது வழக்கம். ஓட்ஸ் விலையும் அதிகம், கோதுமைக் கலப்பும் அதிகம், விட்டுவிடுங்கள். ரவை, சேமியா, சம்பா ரவை எல்லாம் கோதுமை என்பது தெரிந்ததுதான், ஆனால் விரதத்துக்கு ரவை உப்புமா ஆகும் என்று பெரியவர்கள் ஊட்டிவிடுவார்கள். உடைத்த அரிசியில் உப்புமா, சேமியாவுக்குப் பதில் சந்தகை (அரிசியில் பிழியும் சேவை) என்று செய்துவிட்டால் யாருக்கும் மனக்குறை இருக்காது.

உங்கள் வீட்டில் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கு இது வந்தால் இன்னொரு கவனம் வேண்டும். மதியச் சத்துணவில் சோறும் முட்டையும் கிடைப்பது பெரிய உதவி, பெருங்காயத்தை மட்டும் கேட்டுக்கொண்டால் போதும். ஆனால் காலை உணவுத் திட்டத்தில் ரவை, சேமியா, கோதுமை ரவை உப்புமாவும் கிச்சடியும் அடிக்கடி வரும். எந்த நாளில் என்ன என்று பள்ளியில் கேட்டு எழுதிவைத்துக்கொண்டு, பொங்கல் நாளில் மட்டும் விசாரித்துச் சாப்பிடவிடுங்கள். மற்ற நாள்களுக்கு வீட்டிலிருந்து இரண்டு இட்லி. ஆசிரியரிடம் மருத்துவச் சீட்டைக் காட்டிப் பேசினால் கேட்டுக்கொள்கிறார்கள்.

ஹோட்டல் தோசைதான் எனக்குப் பயம். அதே கல்லில்தான் பரோட்டாவும் சப்பாத்தியும் போடுவார்கள். வெளியூர் போனால் இட்லி, தயிர்சாதம், வாழைப்பழம், அவித்த முட்டை. கல்யாண வீட்டில் சோறு, தயிர், உளுந்து வடை ஆகும், அந்த எண்ணெயில் பூரி பொரித்தார்களா என்று மட்டும் சமையல்காரரிடம் கேட்டுவிடுவேன். சேமியா பாயசமும் கேசரியும் கூடாது.

வீட்டில் மற்றவர்கள் கோதுமை சாப்பிட்டால் தோசைக்கல், சல்லடை, மரக்கரண்டி, பூரிக்கட்டை இவற்றை மட்டும் தனியாக வையுங்கள். எவர்சில்வர் பாத்திரம் நன்றாகத் தேய்த்தால் போதும், புதிது வாங்க வேண்டாம். எங்கள் அத்தைக்குச் சர்க்கரை இருப்பதால் இரவில் சப்பாத்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பேத்திக்காக அவரும் சோள ரொட்டிக்கு மாறிவிட்டார். கொதிநீர் ஊற்றிப் பிசைந்து, கையில் தட்டிப் போட்டால் விரிசல் விடாமல் வரும். இப்போது வீட்டுக்குள் கோதுமையே இல்லை, செலவும் கவலையும் ஒன்றாகக் குறைந்தன.

மருத்துவர் சொல்லும் இடைவெளியில் டி.டி.ஜி. அளவையும் ஹீமோகுளோபினையும் திரும்பப் பாருங்கள். அளவு இறங்கிக்கொண்டே வந்தால் பத்தியம் சரியாகப் போகிறது. இறங்காமல் நின்றால் பெரும்பாலும் எங்கிருந்தோ கோதுமை வருகிறது என்று பொருள். அப்போது பெருங்காய டப்பா, மில், வெளிச் சாப்பாடு என்ற வரிசையில் தேடுங்கள். உங்கள் ஊர் எது என்று கீழே சொன்னால், அங்கே எந்தத் தானியம் மலிவு என்று பார்த்து ஒரு வாரச் சாப்பாட்டை எழுதித் தருகிறேன்.