அலைன்மென்ட் செய்தும் இடது டயர் மட்டும் தேய்வது ஏன்?

கேள்வி: என் காரின் முன்பக்க இடது டயர் மட்டும் உள்ளோரத்தில் கம்பி தெரியும் அளவுக்குத் தேய்ந்துவிடுகிறது. போன வருடம்தான் புது டயர் போட்டு அலைன்மென்ட்டும் செய்தேன். இப்போது மறுபடியும் அதே நிலை. வேறு கம்பெனி டயருக்கு மாறலாமா?

பதில்: மாறினாலும் பயன் இருக்காது. வலது டயர் நன்றாக இருக்கிறதென்றால் கோளாறு பெரும்பாலும் டயரில் இல்லை, இடது சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் பாகங்களில்தான் இருக்கும். முதலில் ஒன்று: கம்பி தெரியும் டயர் எந்த நேரமும் வெடிக்கலாம். இன்றே ஸ்டெப்னியை மாட்டுங்கள்.

கழற்றிய டயரைக் கடையில் விட்டுவிடாதீர்கள், காரணம் அதிலேயே இருக்கிறது. காற்று குறைவாக ஓடினால் இரண்டு ஓரமும் தேயும், அதிகமானால் நடுப்பகுதி தேயும். ஒரு ஓரம் மட்டும் போனால் சக்கரம் நிற்கும் கோணத்தில் தவறு; அதைச் சரிசெய்வதுதான் அலைன்மென்ட். கம்பி இல்லாத இடமாகப் பார்த்து, பட்டன் (டயரின் மேல்பரப்பில் உள்ள ரப்பர் கட்டிகள்) மேல் குறுக்காகக் கையால் தடவுங்கள். ஒரு திசையில் வழவழப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பல் போலவும் தட்டுப்பட்டால் டோ, அதாவது மேலிருந்து பார்க்கும்போது சக்கரம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, சரியில்லை. பிசிறே இல்லாமல் சாய்வாகத் தேய்ந்திருந்தால் கேம்பர், அதாவது சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளே சாய்ந்திருக்கிறது. அங்கங்கே மேடு பள்ளமாக இருந்தால் ஷாக் அப்சார்பரைப் பாருங்கள்.

அலைன்மென்ட் ஏன் பலிக்கவில்லை? மெஷின், நிற்கிற காரைத்தான் அளக்கிறது. சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் காரின் உடலோடு இணைக்கும் லோயர் ஆர்மின் புஷ்ஷில் (மூட்டில்) ரப்பர் கிழிந்திருந்தால், நிற்கும்போது எல்லா எண்ணும் பச்சையில் வரும். வண்டி ஓடும்போது, அதிலும் பிரேக் பிடிக்கும்போது, ஆர்ம் நகர்ந்து சக்கரம் கோணம் மாறிவிடும். ஆட்டத்தைச் சரிசெய்யாமல் எத்தனை முறை அலைன்மென்ட் செய்தாலும் காசுதான் வீண்.

இன்னொரு சந்தேகம் ஸ்ட்ரட், அதாவது ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்து சக்கரத்தைத் தாங்கும் தூண். நம் சாலையில் ஓரத்துக் குழியில் இறங்குவது இடது சக்கரம்தான். ஒரு பலமான அடியில் ஸ்ட்ரட்டோ ஆர்மோ லேசாக வளைந்தால் கண்ணுக்குத் தெரியாது. அலைன்மென்ட் ரிப்போர்ட்டைக் கேட்டு வாங்கி, இடது வலது கேம்பரை ஒப்பிடுங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வளைவைத் தேடச் சொல்லுங்கள். பல சின்னக் கார்களில் முன்பக்கம் டோவை மட்டும்தான் திருத்த முடியும், கேம்பருக்குத் தனி அட்ஜஸ்ட்மென்ட் இல்லை. "செட் பண்ணியாச்சு" என்று சொன்னால், எதை என்று கேளுங்கள்.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போட்டு, பின்சக்கரத்துக்குக் கல் வைத்து, முன்சக்கரத்தை ஜாக்கியில் தூக்குங்கள். வண்டிக்கு அடியில் போக வேண்டாம். சக்கரத்தை இடமும் வலமுமாகப் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால் டை ராட் எண்ட் (ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் மூட்டு), மேலும் கீழுமாக ஆட்டும்போது என்றால் பால் ஜாயின்ட் (ஆர்மைச் சக்கரப் பக்கம் இணைக்கும் உருண்டை மூட்டு) அல்லது வீல் பேரிங். புஷ் இதில் தெரியாது. லிஃப்டில் ஏற்றி, கடப்பாரைக் கம்பியால் நெம்பிப் பார்க்கச் சொல்லுங்கள்.

தேய்ந்த பாகத்தை மாற்றிய பிறகு புது டயர், கடைசியில் அலைன்மென்ட். காற்று அளவுக்கு டிரைவர் கதவோரத்து ஸ்டிக்கரைப் பாருங்கள், டயரில் பொறித்திருப்பது உச்சவரம்பு. 1,000 கிலோமீட்டர் ஓடியதும் உள்ளோரத்தை ஒருமுறை தடவிப் பாருங்கள். பிசிறு தட்டினால் அந்த ரிப்போர்ட்டோடு அதே கடைக்குப் போங்கள்.