கொம்பாடும் மொட்டை ஆடும் ஒரே பட்டியில்: கேள்வி பதில்

திருகோணமலைப் பக்கம் ஆடு வளர்ப்பவர்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள் இவை. கொம்பில்லாத ஆட்டை நம் வழக்கப்படி மொட்டை ஆடு என்றும், பெட்டை ஆட்டை மறி என்றும் எழுதுகிறேன்.

மூதூரிலிருந்து ஒரு அக்கா: என்னிடம் நாட்டு மறிகள் ஐந்து நிற்கின்றன, எல்லாவற்றுக்கும் கொம்பு உண்டு. கொம்பில்லாத சானன் (வெளிநாட்டுப் பால் ஆட்டினம்) கலப்பு மறி வாங்கினால் ஒன்றாக விடலாமா?

விடலாம் அக்கா. ஆனால் ஒன்றை மட்டும் வாங்காதீர்கள், இரண்டாக வாங்குங்கள். தனியாக வருகிற ஆட்டைத்தான் எல்லாம் சேர்ந்து துரத்தும். முதல் ஒரு கிழமை பக்கத்திலேயே தடுப்புக் கட்டி, ஒன்றையொன்று பார்க்கவும் மணக்கவும் விடுங்கள். பிறகு கொட்டிலுக்குள் அல்ல, திறந்த வளவில் சேருங்கள். இரண்டு மூன்று நாள் தலையோடு தலை முட்டும். யார் பெரியவர் என்று அவை முடிவு செய்கிற வழி அது, குறுக்கே போகாதீர்கள். விலாவிலும் மடியிலும் இடித்தால் மட்டும் உடனே பிரியுங்கள். சினை மறிக்கு விலாவில் விழும் இடி குட்டியைக் கலைத்துவிடும். மொட்டை ஆட்டுக்கு அந்த இடியைத் தடுக்கக் கொம்பு இல்லை.

சண்டை பெரும்பாலும் தீனி வைக்கிற இடத்தில்தான் தொடங்கும். ஒரு ஆட்டுக்கு வாய் வைத்துத் தின்ன ஒன்றரை அடி இடமாவது வேண்டும். கொம்பு அகலமானால் இன்னும் கூட்டுங்கள். கிளிசரியாக் குழையை ஒரே கட்டாகத் தொங்கவிடாமல் நாலைந்து இடத்தில் கட்டுங்கள். கொட்டிலுக்கு இரண்டு வாசல் வையுங்கள். மூலைக்குள் மாட்டிக்கொண்ட ஆடுதான் காயப்படும். மாரி மழையில் நாள் முழுக்க உள்ளே அடைபட்டு நிற்கும்போது இந்த இரண்டாவது வாசலின் அருமை தெரியும்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி: முட்டுகிற கிடாயின் கொம்பை வாளால் அறுத்துவிடலாமா?

வேண்டாம் தம்பி, தயவுசெய்து வேண்டாம். கொம்பு நகம் மாதிரி வெறும் ஓடு இல்லை. உள்ளே எலும்பும் இரத்தக் குழாயும் இருக்கின்றன. வளர்ந்த ஆட்டில் அடிக்கொம்பின் பொந்து நெற்றிக்குள் இருக்கும் காற்றறையோடு சேர்ந்திருக்கும். அறுத்தால் மண்டையில் ஓட்டை விழும், ஈ மொய்த்துப் புழு வைக்கும். நம் வெயிலில் உடம்புச் சூட்டை வெளியே விடவும் கொம்பு உதவுகிறது. கூர் மட்டும் பயமென்றால் நுனியை அரத்தால் கொஞ்சம் மழுக்குங்கள், அங்கே உணர்ச்சி இல்லை.

அதே தம்பி: அப்போ குட்டியிலேயே கொம்பு முளையைச் சுட்டுவிட்டால்?

பிறந்து முதல் இரண்டு கிழமைக்குள், மிருக வைத்தியர் மரக்கச் செய்து செய்தால் மட்டும். குட்டியின் மண்டையோடு மெல்லியது, சூடு கூடினால் மூளை பாதிக்கும்.

தம்பலகாமத்திலிருந்து ஒரு ஐயா: கரைச்சலே வேண்டாம் என்று மொட்டைக் கிடாயும் மொட்டை மறியும் மட்டும் வைத்தால் என்ன?

ஐயா, பிறப்பிலேயே கொம்பில்லாத இரண்டைச் சேர்த்தால் பிறக்கும் பெட்டைக் குட்டிகளில் சில ஆணும் பெண்ணுமற்று மலடாகிவிடும். கொம்பை இல்லாமலாக்கும் மரபுக்கூறே இதற்கும் காரணம் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் 2001 இல் காட்டினார்கள். மொட்டை மறிக்குக் கொம்புக் கிடாயைச் சேருங்கள். இனப்பெருக்கத்துக்காகவாவது இரண்டு வகையும் பட்டியில் இருக்கத்தான் வேண்டும். குட்டியில் சுட்டதால் மொட்டையான ஆட்டுக்கு இந்தக் கவலை இல்லை.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: அமெரிக்காவில் ஆட்டின் முதுகில் பொதி ஏற்றி மலைக்குப் போகிறார்களாம். இங்கே முடியுமா?

உண்மைதான். இமயமலை உப்பு வியாபாரத்திலும் ஆடுகள் பொதி சுமந்தன. அமெரிக்காவில் நலமடித்த பெரிய கிடாய்களைப் பழக்கி, எலும்பு முற்றிய பிறகு, நாலு வயது வாக்கில், உடம்பு எடையில் கால் பங்குவரை ஏற்றுகிறார்கள். வெயிலில் சுமையோடு நடக்க வேண்டும் என்பதால் கொம்புள்ளதை விரும்புகிறவர்கள் அங்கே பலர். முப்பது கிலோ நாட்டாடு ஏழு கிலோ தூக்குவதால் நமக்குப் பெரிய பயன் இல்லை தங்கச்சி.

குச்சவெளியிலிருந்து ஒரு அண்ணா: என்ன வேலி நல்லது?

சதுரம் ஆறு அங்குலம் வரும் கம்பி வலையைத் தவிருங்கள் அண்ணா. கொம்பாடு தலையை நுழைத்துவிடும், பின்னால் இழுக்க முடியாது. அப்படி மாட்டி நிற்கும் ஆட்டை மற்றவை பின்னாலிருந்து இடிக்கும், தெருநாயும் வரும். நாலு அங்குலமோ அதற்குக் குறைவோ பாருங்கள். பழைய வலையை மாற்ற வசதியில்லை என்றால், தலையை நுழைக்கிற ஆட்டின் இரு கொம்புக்கும் குறுக்கே ஒரு தடியை வைத்து, வலை மாற்றும்வரை கட்டிவிடுங்கள்.