ரசப்பொடியில் புரதம் சேருமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது, எடை 48 கிலோ. கோத்தகிரிப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அப்பா காலமான பிறகு முட்டை, கறி எல்லாவற்றையும் விட்டுவிட்டார். ஒரு வருடமாகத் தொடையும் கெண்டைக்காலும் மெலிந்துகொண்டே வருகின்றன. மேட்டில் ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார். புரதம் போதவில்லை என்று சொன்னால், "மிளகு, சீரகம், மல்லியில் இல்லாத சத்தா?" என்கிறார். கல்லூரியில் படிக்கும் என் மகனும் ஓர் அட்டவணையைக் காட்டினான். கிரெனடா என்ற தீவு நாட்டில் ஒருவருக்கு மசாலாப் பொருட்களிலிருந்து தினமும் எவ்வளவு புரதம் கிடைக்கிறது என்று அதில் தனி வரியே இருக்கிறது. அப்படியானால் மசாலாவைக் கூட்டிக் கொடுத்தால் போதுமா? பர்லியாறு சாதிக்காய் வீட்டில் இருக்கிறது, அதைப் பாலில் கலந்து கொடுக்கலாமா?
- வாசகி, கோத்தகிரி

மருத்துவர் பதில்:

அன்புச் சகோதரிக்கு, அம்மா சொல்வதில் பொய் இல்லை. 100 கிராம் சீரகத்தில் சுமார் 15 கிராம் புரதம் உண்டு. மல்லியில் 12, மிளகில் 10, வெந்தயத்தில் 23 கிராமுக்கும் மேல். அரிசியில் 7 அல்லது 8தான். இதைப் பார்க்கும் யாருக்கும் மசாலா டப்பாவே சத்து டப்பாவாகத் தெரியும். ஆனால் நூறு கிராம் சீரகத்தை ஒரே நாளில் யார் சாப்பிடுகிறார்கள்?

உங்கள் வீட்டு ரசத்தையே எடுத்துக்கொள்வோம். நான்கு பேருக்கு ரசம் வைக்க ஒரு தேக்கரண்டி மிளகு, ஒரு தேக்கரண்டி சீரகம், கொஞ்சம் மல்லி தட்டிப் போடுவீர்கள். மொத்தம் ஆறேழு கிராம். அதிலுள்ள புரதம் ஒரு கிராமுக்கும் குறைவு. நான்கு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு 0.2 கிராம். அதிலும் தட்டிப் போட்டதில் பெரும்பகுதி வண்டலாகப் பாத்திரத்தின் அடியில் தங்கிவிடும். அம்மா மேலே தெளிந்ததைத்தான் சோற்றில் ஊற்றிக்கொள்வார்.

மகன் காட்டிய அட்டவணை, ஐ.நா.வின் உணவு மற்றும் வேளாண்மை அமைப்பு எல்லா நாடுகளுக்கும் தயாரிக்கும் உணவு இருப்புக் கணக்காக இருக்க வேண்டும். அது யார் தட்டிலும் அளந்து எடுத்ததல்ல. நாட்டில் விளைந்ததையும் இறக்குமதியானதையும் கூட்டி, ஏற்றுமதி போன்றவற்றைக் கழித்து, மிச்சத்தை மக்கள்தொகையாலும் நாட்களாலும் வகுத்துச் சொல்வது. பெரிய நாடுகளுக்கு இது ஓரளவு பொருந்தும். கிரெனடா கரீபியக் கடலில் உள்ள சின்னஞ்சிறு நாடு. மக்கள்தொகை ஒரு லட்சத்துக்குச் சற்று மேல். நாட்டுக் கொடியிலேயே சாதிக்காய் இருக்கும் அளவுக்கு அதையே நம்பிய ஊர். 2004இல் ஐவன் புயல் அடித்தபோது அங்கிருந்த சாதிக்காய் மரங்களில் பெரும்பாலானவை சாய்ந்தன. இப்படிப்பட்ட இடத்தில், ஏற்றுமதிக்காகக் கிடங்கில் கிடக்கும் 40 டன் சரக்கு கணக்கில் விட்டுப்போனாலே, ஆளுக்குத் தினமும் ஒரு கிராம் மசாலா கூடுதலாகச் சாப்பிட்டதாகக் காட்டிவிடும். இந்தியாவுக்கு அதே ஒரு கிராம் கூட வேண்டுமென்றால் ஐந்து லட்சம் டன் தவற வேண்டும். சரி, அந்த ஒரு கிராம் உண்மையாகவே வயிற்றுக்குள் போனது என்றே வைத்துக்கொள்வோம். சாதிக்காயில் நூற்றுக்கு ஆறு பங்குதான் புரதம். ஒரு கிராமில் 0.06 கிராம். மகன் கணக்குப் போடத் தெரிந்த பிள்ளை, இதை அவனையே போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

சாதிக்காயைப் பாலில் கலப்பது பற்றி அழுத்தமாகவே சொல்கிறேன். வாசனைக்குச் சிட்டிகை போடுவதில் தவறில்லை. சத்துக்கென்று தேக்கரண்டிக் கணக்கில் கொடுக்காதீர்கள். ஐந்து கிராம் அளவிலேயே வாந்தி, நெஞ்சு படபடப்பு, வாய் உலர்தல், மனக்குழப்பம், இல்லாததைப் பார்ப்பது என்று நச்சுக்குறிகள் வந்தவர்கள் உண்டு. அதிலுள்ள மிரிஸ்டிசின் போன்ற வேதிப்பொருட்கள்தான் காரணம். அறுபதைக் கடந்தவருக்கு இந்த ஆபத்தே வேண்டாம்.

இந்த வயதில் தசை கரையாமலிருக்க எடையில் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும். அம்மாவுக்கு 48 முதல் 58 கிராம். காலையில் டீயும் வர்க்கியும், மதியம் ரசச் சோறு, இரவு இரண்டு சப்பாத்தி என்று நம் மலையில் எத்தனையோ வீடுகளில் அம்மாக்களின் நாள் போகிறது. உங்கள் அம்மாவுக்கும் அப்படித்தான் என்றால் கூட்டிப் பாருங்கள், 25 கிராமைத் தாண்டாது. பாதிதான் கிடைக்கிறது. பிள்ளைகளுக்கு முட்டையும் பருப்பும் வைத்துவிட்டுத் தனக்கு ரசம் போதும் என்று எழுந்துவிடும் பெண்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

அசைவத்தை விட்டது அவர் மனசு சம்பந்தப்பட்டது. அதில் வற்புறுத்த வேண்டாம், அது இல்லாமலேயே சமாளிக்கலாம். ரசத்தையும் நிறுத்தச் சொல்லவில்லை. பருப்புத் தண்ணீரை மட்டும் இறுத்து வைக்காமல், பருப்பையே கடைந்து கெட்டியாக ஊற்றுங்கள். அவர் பங்குக்கு 30 கிராம் பருப்பு உள்ளே போனால் 7 கிராம் புரதம். உங்கள் ஊர்ச் சந்தையில் கிடைக்கும் பட்டர் பீன்ஸைவிட நல்ல பொருள் வேறு தேட வேண்டியதில்லை. காய்ந்ததில் 100 கிராமுக்கு 20 கிராம் புரதம், பச்சையில் சுமார் 7. படுகர் வீடுகளில் அவரையும் உருளைக்கிழங்கும் போட்டு வைக்கும் குழம்பைக் கேட்டுத் தெரிந்துகொண்டு வாரம் மூன்று நாள் வையுங்கள். அம்மா நம்பும் மிளகும் சீரகமும் மல்லியும் அதில் நன்றாகவே சேரும். அவற்றின் வாசனையில் இரண்டு கரண்டி பீன்ஸ் கூடுதலாக இறங்கினால் அதுவே பெரிய லாபம்.

காலையில் வர்க்கிக்குப் பதில் ஒரு கிண்ணம் பாசிப்பயறுச் சுண்டல், ஒரு டம்ளர் பால். மதியம் தயிர் கட்டாயம். இரவு சப்பாத்திக்கு மீல்மேக்கர் குருமா. உலர்ந்த மீல்மேக்கர் 20 கிராமிலேயே 10 கிராம் புரதம் வந்துவிடும். ஒரே வேளையில் குவிக்காமல் மூன்று வேளைக்கும் பிரித்துக் கொடுங்கள். பயறு வகை வயிற்றை உப்பச் செய்தால் இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேகவையுங்கள். சாப்பிட்டால் மட்டும் தசை ஏறாது. நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காரும் பயிற்சியைப் பத்துப் பத்தாக, காலையும் மாலையும் செய்யச் சொல்லுங்கள். முதல் வாரம் பக்கத்தில் நில்லுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. ஒரு வருடமாக மெலிவதை உணவுக் குறை என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை, தைராய்டு, காசநோய், ரத்தசோகை எதுவும் பின்னால் இருக்கலாம். நடக்கையில் மூச்சு வாங்கி உட்காருகிறாரா, கால் ஓய்ந்து உட்காருகிறாரா என்று கவனித்து வையுங்கள். மூச்சு வாங்கினால் இதயத்தையும் நுரையீரலையும் பார்க்க வேண்டும். இந்த வாரமே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் இவற்றுக்கான பரிசோதனைகளோடு வைட்டமின் பி12, கிரியாட்டினின் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். கிரியாட்டினின் கூடுதலாக இருந்தால், அதாவது சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருந்தால், நான் சொன்ன புரத அளவுகள் அம்மாவுக்குப் பொருந்தாது. அங்கே பார்க்கும் மருத்துவர் சொல்லும் அளவையே கொடுங்கள்.